சார்ட் மென்பொருள்: காட்டுவதும் தூண்டுவதும்

டீமேட் கணக்கு தொடங்கிய கையோடு புதிய ட்ரேடர் கேட்பது, "எந்த சார்ட் சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான். எந்தப் பங்கு, எவ்வளவு காலம், எவ்வளவு நஷ்டம் வரை தாங்கலாம் என்பதெல்லாம் பிறகுதான் வருகிறது. இந்த வரிசைக்கு ஓரளவு நியாயம் உண்டு, ஆபத்தும் உண்டு.

முதலில் நியாயம். தேசியப் பங்குச் சந்தையில் 1994இல் பங்கு வணிகம் தொடங்கிய காலத்தில், சிறு முதலீட்டாளருக்குச் செய்தித்தாளின் விலைப் பட்டியலே துணை. சார்ட் வேண்டுமானால் கட்டத்தாளில் வரைய வேண்டும், அல்லது மெட்டாஸ்டாக் போன்ற ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்று தரகு நிறுவனமான ஜெரோதாவின் கைட் செயலியில் ட்ரேடிங்வியூ, சார்ட்ஐக்யூ இரண்டுமே தனிக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பல ஆண்டு விலை வரலாறு கைப்பேசிக்குள் வந்துவிட்டது. குறிப்பிட்ட விலை வந்தால் எச்சரிக்கும் வசதியும், பழைய சார்ட்டை ஒவ்வொரு கேண்டிலாக ஓட்டிப் பார்க்கும் ரீப்ளே வசதியும் கற்பவருக்குப் பெரிய வரம். பணத்தை இழக்காமல் தன் கணிப்பைச் சோதிக்கலாம்.

குறை தொடங்குவது, சார்ட்டை வரையும் தரவில். ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது பங்கின் விலை ஏறக்குறைய பாதியானது. பங்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பழைய விலைகளைத் திருத்தாத மென்பொருளில் அது பெரும் சரிவாகத் தெரியும். அதன்மேல் போட்ட மூவிங் ஆவரேஜ், ஆர்எஸ்ஐ போன்ற இண்டிகேட்டர்களும் தவறாகவே பேசும். அதேபோல், சந்தை 9.15க்குத் தொடங்கி 3.30க்கு முடிவதால், ஒரு மணி நேர கேண்டிலை 9 மணியிலிருந்து எண்ணும் சார்ட்டும் 9.15இலிருந்து எண்ணும் சார்ட்டும் வேறு வேறு உருவம் காட்டும். தேசியப் பங்குச் சந்தை பல ஆண்டுகளாகக் கடைசி அரை மணி நேர வணிகத்தின் எடையிட்ட சராசரியையே முடிவு விலையாக அறிவித்து வந்திருக்கிறது. தினசரி கேண்டிலும் 5 நிமிட சார்ட்டின் கடைசி கேண்டிலும் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம். மென்பொருளை ஒப்பிடுபவர்கள் இதையெல்லாம் கவனிப்பதில்லை. திரையின் அழகையும் இண்டிகேட்டர்களின் எண்ணிக்கையையும்தான் பார்க்கிறார்கள்.

அந்த எண்ணிக்கையால் பெரிய பயனில்லை. வெல்ஸ் வைல்டர் 1978இல் வெளியிட்ட ஒரே நூலில் ஆர்எஸ்ஐ, ஏடிஎக்ஸ், ஏடிஆர், பாரபாலிக் எஸ்ஏஆர் எல்லாம் வந்துவிட்டன. இன்றும் புதியவர்கள் ஆர்எஸ்ஐக்கு அவர் தந்த 14 கேண்டில் என்ற அளவை மாற்றாமலே பயன்படுத்துகிறார்கள். ஆர்எஸ்ஐ, ஸ்டொகாஸ்டிக், சிசிஐ மூன்றும் ஒரே பங்கின் விலையிலிருந்தே கணக்கிடப்படுபவை. மூன்றும் 'வாங்கு' என்றால், ஒரே சாட்சி மூன்று முறை சட்டை மாற்றிக் கூண்டேறியதாகத்தான் அர்த்தம். இன்னொரு வகை இண்டிகேட்டர், புதிய விலை வந்ததும் தான் முன்பு போட்ட குறியை நகர்த்திவிடும். பழைய சார்ட்டில் ஒவ்வோர் உச்சியிலும் அம்புக்குறி கச்சிதமாக நிற்பதன் ரகசியம் இதுதான். 'பை-செல் சிக்னல்' மென்பொருள் விற்பவர் காட்டும் படத்தை நம்பும்முன், அந்த அம்பு நேரடிச் சந்தையில் எப்போது தோன்றியது என்று கேட்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான குறை, சார்ட்டின்மேலேயே இருக்கும் வாங்கு-விற்பு பொத்தான். தரகு நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பங்கு நம் ஆர்டர்களிலிருந்து வருகிறது. அது சார்ட்டை இலவசமாகத் தருவதில் வியப்பில்லை. ரொக்கச் சந்தையில் 2022-23இல் இன்ட்ராடே, அதாவது வாங்கிய அன்றே விற்கும் வணிகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நஷ்டமடைந்ததாகச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வணிகம் செய்தவர்களிடையே அது 80 விழுக்காடு. இந்த ஆய்வு சார்ட்டைக் குற்றம் சாட்டவில்லை. ஆனாலும், ஒரு நிமிட கேண்டிலும் ஒரே தட்டில் ஆர்டரும் கையில் இருக்கும்போது 500ஐத் தாண்டுவது எளிது.

ஆகவே புதியவருக்குத் தரகு நிறுவனத்தின் இலவச சார்ட்டே போதும், சில நிபந்தனைகளோடு. போனஸ், பங்குப் பிரிப்பு நடந்த ஒரு பங்கைத் திறந்து விலை திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தினசரி கேண்டிலில் தொடங்கி, ஓர் இண்டிகேட்டரோடு வால்யூமை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எச்சரிக்கையை அமைத்துவிட்டுத் திரையை மூடிவிடலாம். சார்ட்டிலிருந்தே ஆர்டர் போடும் வசதியை அணைக்க முடிந்தால் அணைத்துவிடலாம்.

அமிப்ரோக்கர் போன்ற கட்டண மென்பொருள் வீணல்ல. விதிகளை நிரலாக எழுதிப் பல ஆண்டுத் தரவில் சோதிப்பதில் அதன் வலு தெரியும். ஆனால் சோதிக்க முதலில் ஒரு விதி வேண்டும். எப்போது வாங்குவேன், எங்கே ஸ்டாப்லாஸ், எப்போது வெளியேறுவேன் என்று அரைப் பக்கம் எழுத முடியாதவருக்கு விலை உயர்ந்த மென்பொருள் எதையும் சோதித்துத் தராது. எழுதியவருக்கோ, இலவச சார்ட் எந்த இடத்தில் போதாமல் போகிறது என்பது தானாகவே தெரிந்துவிடும். காசு கொடுப்பதைப் பற்றி அப்போது யோசித்தால் போதும்.