புதுப்பிப்பவர் யார்?

'புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்றும் 'புதுப்பிக்கக்கூடிய சக்தி' என்றும் 'மீளப் புதுப்பிக்கத்தக்க சக்தி' என்றும் தமிழில் ஒரு பொருள் பலவாறாக வழங்குகின்றது. அடைமொழி வேறுபடினும் அடிச்சொல் ஒன்றே. அச்சொல் தான் சுட்டும் பொருளைச் செவ்வனே உணர்த்துகின்றதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

புதுப்பித்தல் என்னும் வினை, செய்பவன் ஒருவனை அவாவி நிற்பது. வீட்டைப் புதுப்பிக்கின்றோம், உரிமத்தைப் புதுப்பிக்கின்றோம். ஆனால், கதிரவனையும் காற்றையும் புதுப்பிப்பார் எவருமிலர். மரத்தை நடுவது நம் செயலாயினும் வளர்வது அதன் செயலே. இவ்வேறுபாட்டைச் சொல் மறைத்துவிடுவதால், 'எவ்வளவு எடுப்பினும் பின்னர்ப் புதுப்பித்துக் கொள்ளலாம்' என்னும் எண்ணம் மாணவர் உள்ளத்தில் எளிதிற் குடிபுகும்.

இதன் தீங்கை ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸ் வட்டாரத்தில் வைத்துக் காண்போம். அன்னாசிப் பட்டணம் என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். அவ்வன்னாசியை வளர்த்த பொந்தியான் மாவட்டத்தில் 'காம்புட்' என மலாயர் வழங்கும் கரிமண் நிலம் மிகுதி. நீர் தேங்கிய காட்டில் இலையும் வேரும் முற்றும் மட்காமல் பல நூற்றாண்டுகளாகப் படிந்து உண்டானது அம்மண். உலர்ந்தால் எரியும், அயர்லாந்தில் இத்தகைய மண்ணை எரித்து நெடுங்காலம் மின்னாற்றல் எடுத்தனர்.

இது பாடநூலின் எப்பிரிவைச் சாரும்? தாவரத்தினின்று தோன்றியதாகலின் புதுப்பிக்கத்தக்கதே என்று ஒரு மாணவன் விடையிறுத்தால், சொல்லளவில் அவனைக் குறை கூற இயலாது. கணக்கோ வேறு. இயற்கை ஓராண்டிற் சேர்ப்பது ஓரிரு மில்லிமீட்டர். வடிகால் வெட்டிப் பயிரிட்ட நிலம் தாழ்வதோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். எரிக்காமலே, காற்றுப் பட்ட அளவில் மட்கிக் கரியமிலவாயுவாய்ப் போகின்றது. எனவேதான் காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுக் குழு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி, இதனை எரிப்பதால் எழும் வாயுவை விறகின் கணக்கில் வையாது, நிலக்கரியைப் போலவே கணக்கிடுகின்றது.

ஆகவே, ஒரு வளத்தின் வகையைத் துணிவது அதன் பிறப்பன்று; எடுக்கும் விரைவும் நிறையும் விரைவுமேயாம். விறகும் அளவிறந்து வெட்டப்படின் மீளாது.

தேர்விற் பயின்றுவிட்ட சொல்லை இன்று களைதல் அரிது, களையவும் வேண்டா. அதனருகே தீராதது, மீள்வது, மீளாதது என்னும் மூன்று எளிய சொற்களை ஆசிரியர் நிறுத்துவாராக. கதிரும் காற்றும் தீராதன, அளவறிந்து வெட்டும் மரம் மீள்வது, நிலக்கரி மீளாதது. தம் காலடி மண் இம்மூன்றனுள் எதுவெனப் பெக்கான் நானாஸ் மாணவர் கணக்கிட்டுக் கூறும் நாளிலேயே அப்பாடம் நிறைவுறும்.