இரண்டு முறை கட்டிய கடன்

டிக்கன்ஸின் நாவல்களில் நம்மவர்கள் விரும்பிப் படிப்பது பெரும்பாலும் 'டேவிட் காப்பர்பீல்டு'. 'லிட்டில் டாரிட்' நாவலைத் தேடிப் படித்தவர்கள் குறைவு. 1855 முதல் 1857 வரை மாதாமாதம் பகுதி பகுதியாக வெளிவந்த பெரிய நாவல் அது. கடன் ஒரு மனிதனை என்ன செய்கிறது என்று காட்டும் ஆங்கில நாவல்களில் அதற்குத்தான் முதலிடம் தரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால், கடனைப் பற்றிய கேள்விகளில் மிக முக்கியமான ஒன்றை எழுப்பிவிட்டு, பதில் சொல்லாமல் டிக்கன்ஸ் நழுவிவிடுகிறார் என்பதும் என் அபிப்பிராயந்தான்.

விஷயம் அவருக்குக் கேள்விஞானம் அல்ல. 1824-ல் அவருடைய தகப்பனார் ஜான் டிக்கன்ஸ் ஒரு ரொட்டிக்காரருக்கு 40 பவுன் 10 ஷில்லிங் கொடுக்க முடியாமல் லண்டனில் மார்ஷல்ஸீ சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பையன் சார்லஸ் பாலிஷ் தொழிற்சாலை ஒன்றில் புட்டிகளுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான். மூன்று மாதம் கழித்து, இன்சால்வென்ட் சட்டத்தின் உதவியால் தகப்பனார் வெளியே வந்தார். அந்தச் சலுகை கிடைக்க வேண்டுமானால் குடும்பத்தின் துணிமணி, கைச்சாமான் எல்லாம் சேர்ந்து 20 பவுனுக்கு மேல் பெறக்கூடாது. பையன் போட்டிருந்த சட்டையையும் தொப்பியையும் மதிப்புப் போடுவதற்காக அவனும் ஓர் அதிகாரி முன் போய் நிற்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்துச் சட்டத்தின் தர்க்கம் விசித்திரமானது. கடன்காரனை உள்ளே தள்ளிவிட்டால் அவன் சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்காதவன் கடனைக் கட்ட முடியாது. கட்டாதவரை வெளியே வர முடியாது. இதை டிக்கன்ஸ் வாதம் செய்து காட்டவில்லை. வில்லியம் டாரிட் என்ற மனிதரைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் உள்ளேயே கிடந்து, 'மார்ஷல்ஸீயின் தந்தை' என்று பட்டம் வாங்கி, புதிதாக வருகிறவர்களிடம் சில்லறை பெற்றுக்கொண்டு, அதைக் காணிக்கை என்று எண்ணிக் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார் அவர். பிற்பாடு பெரிய சொத்து வந்து, ரோமாபுரியில் ஒரு விருந்தில் புத்தி தடுமாறி, எதிரே இருக்கும் சீமான்களைச் சிறைத் தோழர்களாக நினைத்துப் பேசத் தொடங்குகிறார். இந்த ஓர் இடத்துக்காகவே நாவலைப் படிக்கலாம்.

நான் சொல்ல வந்தது வேறு ஓர் இடம். சொத்து வந்த செய்தி கிடைத்த அன்று, சிறையிலேயே பிறந்து வளர்ந்த மகள் ஏமி, ஆர்தர் க்ளென்னமிடம் ஒன்று கேட்கிறாள். அப்பா போகுமுன் எல்லாக் கடனையும் கட்டிவிட்டுத்தான் போவாரா? ஆமாம் என்கிறான் அவன். இத்தனை வருஷ வாழ்க்கையையும் கொடுத்துவிட்டு, பணத்தையும் கொடுக்க வேண்டுமா, இது கொடுமையாக இருக்கிறதே என்கிறாள் அவள். சொன்ன வாயாலேயே, தான் நினைப்பது தவறாகத்தான் இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறாள். ஆசிரியரோ, சிறைக் காற்று அவள்மேல் படியவைத்த ஒரே ஒரு கறை இது என்று கருணையோடு மன்னித்து, மேலே போய்விடுகிறார்.

இது கறையா? கதை முழுவதிலும் இவ்வளவு சரியான கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. சட்டம் ஏமியின் பக்கம் வந்து சேர நாளாயிற்று. 1869-ல் இங்கிலாந்து கடனுக்காகச் சிறையில் போடுவதைப் பெரும்பாலும் ஒழித்தது. நம் நாட்டு சிவில் சட்டத்தில் இன்றும் பணப் பாக்கிக்காக மூன்று மாதம் வரை காவலில் வைக்க இடம் இருக்கிறது. வெளியே வந்துவிட்டதாலேயே கடன் தீர்ந்துவிடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஏமி கேட்டது இதைத்தான். 1980-ல் ஒரு வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், கொடுக்க வழியில்லாதவனை வெறுமனே வழியில்லாத காரணத்துக்காகச் சிறையிலடைக்கக் கூடாது, வசதி இருந்தும் நாணயக்கேடாக ஏய்த்தால்தான் அது பொருந்தும் என்று தீர்ப்பளித்தார்.

பால்ஸாக் இந்த விஷயத்தில் வேறு ரகம். அவரே 1828-ல் அச்சகத் தொழிலில் நொடித்து, சுமார் 60,000 பிராங்க் கடனைத் தலையில் சுமந்தவர். 1837-ல் வந்த 'சீஸர் பிரோத்தோ' நாவலில் வாசனைத் திரவிய வியாபாரி ஒருவன் மனை வாங்கும் ஆசையில் விழுந்து திவாலாகிறான். ஹுண்டி எப்படிக் கை மாறுகிறது, கடன் கொடுத்தவர்கள் எப்படிக் கூடிப் பேசி முடிவுகட்டுகிறார்கள் என்பதெல்லாம் கணக்குப்பிள்ளை எழுதியதுபோல் விவரமாக இருக்கிறது. டிக்கன்ஸுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவருடைய மெர்டில் என்ற மோசடி முதலாளி எந்த வியாபாரத்தில் எப்படிப் பணத்தை ஒழித்தான் என்று கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. ஆனால் பால்ஸாக்கும் முடிவில் தீர்ப்பை மாற்றவில்லை. சட்டம் விட்டுக்கொடுத்த பாக்கியையும் பிரோத்தோ குடும்பத்தோடு உழைத்துக் கடைசிக் காசுவரை கட்டி, இழந்த மானத்தை மீட்ட அன்றே செத்துப்போகிறான். அவனும் இரண்டு முறை கட்டியவன்தான்.

நாணயம் என்றால் நம் பாஷையில் காசு; நேர்மையும் அதுவே. காசு போனவனுக்கு நேர்மையும் போயிற்று என்று நினைக்க ஊருக்கு இது சௌகரியமாக இருக்கிறது. 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்று சொல்லும்போது குரலில் தொனிக்கும் ஏளனத்தைக் கேட்டிருப்பீர்கள். ஏமாற்றியவனா, மழையும் மார்க்கெட்டும் கைவிட்டவனா என்று யாரும் விசாரிப்பதில்லை. இன்று கைப்பேசியில் சில நிமிஷத்தில் கடன் கிடைக்கிறது. தவணை தவறினால் உறவினருக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். மார்ஷல்ஸீயை 1842-லேயே மூடிவிட்டார்கள். ஏமியின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. தம் கதாபாத்திரம் தம்மைவிடத் தெளிவாகச் சிந்தித்துவிட்டதை டிக்கன்ஸ் கவனிக்கவில்லை. அந்தப் பக்கத்துக்கு வரும்போது நீங்களாவது கொஞ்சம் நின்று, அந்தப் பெண் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.