சின்டாக்ஸ் எரர் தீர்ந்தால் சோதனை சரியாகிவிடுமா?

பைத்தானில் தானியங்கிச் சோதனை எழுதுபவர்களிடம் பரவலாக ஒரு வழக்கம் உண்டு. மளமளவென்று டைப் செய்துவிட்டு, பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியை ஓடவிடுவார்கள். அது சுட்டும் வரியைத் திருத்தி மறுபடியும் ஓடவிடுவார்கள். சின்டாக்ஸ் எரர் எல்லாம் தீர்ந்து, சோதனை வெற்றி என்று காட்டும் பச்சை வரி வந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இதில் திருத்தும் முறையில் குறையில்லை. பச்சையைக் கண்டதும் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

பிழைச்செய்தியை நம்பித் திருத்துவது முன்னைவிட இன்று நன்றாகவே பலன் தருகிறது. பைத்தானின் பழைய பதிப்புகளில் ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டால், ஒரு குற்றமும் செய்யாத அடுத்த வரியைக் காட்டி, தொடரியல் தவறு என்று மட்டும் செய்தி வரும். 2020இல் வந்த 3.9 பதிப்பில், நிரலின் இலக்கணத்தைப் படித்துப் பார்க்கும் பார்சரே மாறியது. 2021இல் வந்த 3.10, மூடப்படாத அடைப்புக்குறி திறந்த இடத்தையே சுட்டுகிறது. கமா விட்டுப்போயிருக்குமோ என்றும் கேட்கிறது. பைடெஸ்டும் கண்டிப்பானது. ஒரே ஒரு கோப்பில் சின்டாக்ஸ் எரர் இருந்தாலும், நாமாக விலக்குச் சொல்லாதவரை மற்றக் கோப்புகளின் சோதனைகளையும் ஓட்டாமல் நின்றுவிடும். இந்தக் கண்டிப்பால் பிழை ஒளிந்துகொள்ள முடிவதில்லை.

ஆனால் பார்சர் இலக்கணத்தைப் பார்க்குமே தவிர, எழுதியவரின் நோக்கத்தைப் பார்க்காது. நிரலில் தவறு நேர்ந்தால் பிடிக்கச் சோதனை இருக்கிறது. சோதனையில் நேரும் தவறைப் பிடிக்க யாரும் இல்லை. அதனால் இங்கே அவசரத் திருத்தத்தின் விலை அதிகம்.

ஒரு வங்கிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இருப்பு 500 ரூபாய். 800 எடுக்க முயன்றால் வேல்யூ எரர் எழ வேண்டும். இருப்பு 500ஆகவே இருக்க வேண்டும். பைடெஸ்டின் ரெய்சஸ் என்ற வித் பிளாக்குக்குள் பணம் எடுக்கும் வரி இருக்கிறது. அதன் கீழே இருப்பைச் சரிபார்க்கும் அசெர்ட் வரி, இடைவெளி பிசகி எந்த மட்டத்திலும் சேராமல் நிற்கிறது. இன்டென்டேஷன் எரர் வருகிறது. எழுதியவர் அதை உள்ளே தள்ளி, மேல்வரியோடு ஒட்டிவிடுகிறார். எரர் மறைந்து பச்சை வருகிறது. ஆனால் மேல்வரியில் எரர் எழுந்ததுமே பிளாக் முடிந்துவிடுவதால் அந்த அசெர்ட் ஒருபோதும் ஓடாது. இருப்பு மைனஸில் போனாலும் சோதனை வெற்றி என்றே சொல்லும்.

இன்னொன்று, நீளமான அசெர்ட். நிபந்தனைக்குப் பின் கமா போட்டு, செய்தியை அடுத்த வரிக்குக் கொண்டுபோனால் சின்டாக்ஸ் எரர். உடனே இரண்டையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறார்கள். இலக்கணம் சரியாகிவிட்டது, ஆனால் அது இப்போது இரண்டு உறுப்புள்ள ட்யூப்பிள். காலியாக இல்லாத ட்யூப்பிள் எப்போதும் உண்மை என்பதால் நிபந்தனை பொய்த்தாலும் சோதனை தோற்காது. பைத்தான் எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எச்சரிக்கை மட்டுமே என்பதால், பச்சையைத் தேடும் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. செய்தியை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால் போதும்.

சோதனையை முதலில் எழுதும் முறையைப் பரவலாக்கிய கென்ட் பெக், முதலில் சிவப்பைப் பார், பிறகு பச்சைக்கு வா என்றார். சின்டாக்ஸ் எரரால் வரும் சிவப்பை அந்தச் சிவப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்பார்த்த மதிப்பும் கிடைத்த மதிப்பும் மோதித் தோற்பதுதான் சோதனை வேலை செய்கிறது என்பதற்குச் சான்று.

ஆகவே இந்த வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. இன்னும் ஓர் அடி சேர்த்தால் போதும். அடைப்புக்குறி, கமா போன்றவற்றைத் தட்டச்சிடும்போதே காட்டும் வேலையை எடிட்டருக்கும் ரஃப் போன்ற லின்டருக்கும் விட்டுவிடலாம். எரர் தீர்ந்ததும், ஓடிய சோதனைகளின் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, வங்கிக் கணக்குச் சோதனையானால் அசெர்ட் வரியில் உள்ள 500 என்பதை 501 என்று மாற்றி ஒருமுறை ஓட்ட வேண்டும். சிவப்பு வந்தால் பழையபடி மாற்றிவிட்டு நிம்மதியாகக் கமிட் செய்யலாம். பச்சையே நீடித்தால், இலக்கணம் திருந்தியிருக்கிறது, சோதனை இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள்.