பழைய வீடும் அவசர மானியமும்

சட்டியில் ஓட்டை இருக்க, மேலும் மேலும் நீர் ஊற்றி என்ன பயன்? பிரிட்டனின் பழைய வீடுகள் பலவற்றின் செங்கற்சுவர்களுக்குள் காற்று இடைவெளி கிடையாது. அறையின் வெப்பம் சுவர் வழியே வெளியேறிவிடுகிறது. எனவே, வெப்பக்காப்பு அமைக்க அரசு மானியம் அளிக்க முன்வந்தது சரியே. செய்த முறைதான் தவறு.

2020 செப்டம்பரில் தொடங்கிய மானியச்சீட்டுத் திட்டம் 2021 மார்ச்சில் மூடப்பட்டது. இலக்கு 6,00,000 வீடுகள். பயன்பெறுபவை ஏறத்தாழ 47,500 மட்டுமே எனத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. நிர்வாகச் செலவே வீட்டுக்கு 1,000 பவுண்டைத் தாண்டியது!

தேர்ந்த தொழிலாளர் ஆறு மாதத்தில் உருவாவார்களா? உள்ளாட்சி மன்றங்கள் வழியே ஏழைக் குடும்பங்களுக்கு வழங்கிய மானியமோ அதன் பின்னும் தொடர்ந்தது. ஊரின் வீடுகளை அறிந்தவர்களிடம் பணத்தோடு போதிய காலமும் தரவேண்டும். வெப்பம் அரசாணைக்குக் கட்டுப்படாது. நன்கு காப்பிட்ட சுவருக்கே கட்டுப்படும்.