மலை தந்த தொழிலா, மன்னன் தந்த தொழிலா?

"சோனகன் பிறவி யாவாரி" என்றொரு பேச்சு ஊரில் உண்டு. காரணம் கேட்டால் நம்ம பிள்ளைகள் புவியியலைக் காட்டுவார்கள்: துறைமுகம் இருந்தது, மலையில் மிளகு விளைந்தது, ஆகவே வியாபாரம். 'இலங்கை முஸ்லிம்கள்: இன நல்லிணக்கத்தின் ஆயிரம் ஆண்டுகள், 900–1915' என்னும் பொருளில் லோர்ணா தேவராஜா 1994இல் எழுதிய ஆங்கில நூலை வைத்து இந்தக் கணக்கை உரைத்துப் பார்க்கலாம்.

மலையின் பங்கை மறுக்க ஏலாது. கண்டியில் உப்பு விளையாது. புத்தளம் முதலான கரையோரங்களிலிருந்து அது மேலே வரவேண்டும்; பாக்கும் மிளகும் கீழே இறங்கவேண்டும். வண்டி ஏறாத பாதையில் பொதிமாடுதான் போகும். அதுதான் தவளம். ஆனால் பாதை ஏன் அப்படியே கிடந்தது? 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் காரணம் சொல்கிறார்: தன் நாட்டில் நடமாடுவது எளிதாவதை மன்னன் விரும்பவில்லை, ஆறுகளுக்குப் பாலமும் போடவில்லை. அந்தக் கரடுமுரடே நாட்டுக்குக் கோட்டை.

தவளத்தை நடத்தியது 'மடிகே' என்ற அரச பிரிவு. அதில் முஸ்லிம்கள் பலர் ஊழியம் செய்தார்கள். ஊழியத்துக்குக் கிடைத்தது காணி. ஆக, மாடு ஓட்டியவரே வயலும் விதைத்தார். முஸ்லிம் வைத்தியர்களும் தூதுவர்களும் அரசவையில் இருந்தார்கள். இதையெல்லாம் ஆதாரத்தோடு எடுத்துவைத்ததே தேவராஜாவின் பெரும் பங்களிப்பு. 'பிறவி யாவாரி' என்ற பேச்சு இங்கே உடைகிறது.

பிறகு கடுகண்ணாவை வீதி வந்தது, 1833இல் இராஜகாரிய முறை ஒழிந்தது, 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. மலை அப்படியேதான் நின்றது, தவளம் போய்விட்டது. தோட்டங்களிலும் இதே கதைதான். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. கோப்பிக்குப் பறிக்கும் பருவத்தில் ஆள் போதும். தேயிலை வருடம் முழுக்கத் துளிர்க்கும். ஆள் அங்கேயே தங்கவேண்டும். துளிரைத் தந்தது மழை. லயத்தைக் கட்டியது தோட்டத்துரை.

நூலில் ஒரு குறையும் உண்டு. அரசனின் ஆதரவு தெரிகிற அளவுக்கு, பொதிமாட்டின் பின்னால் நடந்தவனின் கால் தெரியவில்லை. நல்லிணக்கம் என்ற சொல்லும் கலவரம் வெடித்த 1915இல் வந்து நின்றுவிடுகிறது. அது ஏன் முறிந்தது என்பதல்லவா அடுத்த கேள்வி?

இது சும்மா ஏட்டு விவாதமல்ல. 2018 மார்ச்சில் திகன, அக்குறணைப் பக்கங்களில் கடைகள் எரிந்தன. முஸ்லிம் என்றால் கடை, கடை என்றால் வந்தேறி என்ற எண்ணத்துக்கு 'பிறவி யாவாரி' பேச்சு எண்ணெய் ஊற்றுகிறது. பெருமையாக அதை நாமே சொல்லிக்கொள்வது இன்னும் மோசம். அக்குறணையிலும் கல்ஹின்னையிலும் மாவனல்லையிலும் பெட்டிக்குள் கிடக்கும் பழைய காணி உறுதிகளை யாராவது வாசிக்கத் தொடங்கட்டும். வயலில் நின்ற நம் முன்னோர் அங்கேதான் இருக்கிறார்கள்.