தலைவர் மறைந்திருந்தால்?

பிரான்சின் போர்க்காலத் தலைவர் டிகால் எழுதிய 'போர் நினைவுகள்' 1954 முதல் 1959 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. நடையின் மிடுக்கை நாம் மறுக்கவில்லை. ஆனால், படிப்போர் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றுகிறது: அவரின்றிப் பிரான்சு இல்லை!

உண்மையா? 1944 ஆகஸ்ட் 26 அன்று, விடுதலை பெற்ற பாரிசில், நோத்தர்தாம் தேவாலயத்துக்கு அவர் வந்தபோது துப்பாக்கிகள் வெடித்தன. குண்டொன்று அவர் மார்பில் பாய்ந்திருந்தால்?

பெண்களின் வாக்குரிமை பறிபோயிருக்குமா? இல்லை. பொதுவுடைமையர் கிரெனியே கொணர்ந்த திருத்தத்தை அல்ஜியர்சில் கூடிய ஆலோசனை மன்றம் அவ்வாண்டு மார்ச்சிலேயே ஏற்றது. ஏப்ரலில் அது சட்டமாயிற்று. 1945-ல் மலர்ந்த சமூகக் காப்பீடு? தலைமறைவாய் இயங்கிய எதிர்ப்பியக்க மன்றம் முன்னரே தன் திட்டத்தில் பொறித்து வைத்தது அது!

மாறியிருக்கக்கூடியது வேறு. 1958-ல் அல்ஜீரியாவில் படைத்தலைவர்கள் கிளர்ந்தபோது, அழைப்பதற்கு அவர் இருந்திரார். வலிமைமிக்க குடியரசுத் தலைவரைக் கொண்ட ஐந்தாம் குடியரசு பிறவாதிருந்திருக்கலாம், படையாட்சியே வந்திருக்கலாம். 1962-ல் அல்ஜீரியா பெற்ற விடுதலை, மேலும் குருதி சிந்திய பின்னரே கிட்டியிருக்கலாம்.

இது டிகாலுக்குப் பெருமை. ஒரு நாட்டின் கதி ஒருவர் மூச்சில் ஊசலாடுவது அந்நாட்டுக்குப் பெருமையா?

நெருக்கடியைக் கடக்கத் தலைவர் உதவுவார். உரிமையை ஈட்டுவது பலர் கூடிய உழைப்பு. நூலின் நடுவே நிற்பவர் தலைவர். அந்தப் பலரையோ நாம் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது. தேடுவோம்! தலைவரைப் போற்றுவது பண்பு, தொழுவது மடமை.