மார்ச் மாதத்து முதலீடு

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆனால் நம் சம்பளக்காரர்களுக்கு வரித் திட்டமிடல் தொடங்குவது ஜனவரியில், முதலீட்டு ஆதாரங்களைக் கேட்டு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வரும்போதுதான். அதற்குப் பிறகு 80சி பிரிவின் 1,50,000 ரூபாய் வரிக் கழிவு வரம்பை எதைக் கொண்டாவது நிரப்பிவிட ஓடுவார்கள்.

இந்தக் கழிவுகளால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. வரி மிச்சம் என்ற ஆசை காட்டாமல் இருந்தால், 15 ஆண்டு பூட்டிவைக்கும் பி.பி.எஃப். கணக்கில் எத்தனை பேர் பணம் போட்டிருப்பார்கள்? ஓய்வுக்காலத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் ஒரு தொகை சேர்ந்ததில் இந்தச் சட்டத்துக்குப் பங்குண்டு. பி.எஃப். பிடித்தம், வீட்டுக் கடனின் அசல், பள்ளிக் கட்டணம் எல்லாம் 80சி-யில் அடங்கும். எப்படியும் செய்யப்போகும் செலவுக்கு வரி குறைந்தால் அது லாபம்தான்.

கோளாறு, வரிக்காகவே ஒன்றை வாங்கும்போது வருகிறது. ஆயுள் காப்பீட்டையே பாருங்கள். 2012 ஏப்ரலுக்குப் பிந்தைய பாலிசிகளில் பிரீமியத்தைப் போல் பத்து மடங்கு காப்புத்தொகை இருந்தால்தான் முழுக் கழிவு கிடைக்கும். குறைந்தபட்சமாக இருக்கட்டும் என்று சட்டம் வைத்த இந்த அளவோடு பல சேமிப்பு பாலிசிகள் நின்றுவிடுகின்றன. 50,000 ரூபாய் பிரீமியத்துக்கு 5 லட்சம் காப்பு. மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பவர் இறந்தால், குடும்பத்துக்கு ஐந்து மாதச் சம்பளம்! மிச்சமாகும் வரி அந்தந்த ஆண்டோடு சரி. பிரீமியமோ பதினைந்து, இருபது ஆண்டுக்குக் கழுத்தில் கட்டிய கல். நடுவில் சரண்டர் செய்தால் நஷ்டம்.

நியாயம் என்று பார்த்தாலும் 80சி தேறாது. முன்பிருந்த 88-ஆம் பிரிவு, கட்டவேண்டிய வரியில் தள்ளுபடி தந்தது. 2005 பட்ஜெட் அதை எடுத்துவிட்டு, வருமானத்திலிருந்து கழிக்கும் 80சி-யைக் கொண்டுவந்தது. இப்போது, இந்தக் கழிவுகள் கிடைக்கும் பழைய வரி முறையில் அதே 1,50,000 ரூபாயைச் சேமிக்கும் இருவரில், 30% அடுக்கில் இருப்பவருக்கு செஸ் உட்பட 46,800 ரூபாய் மிச்சம். 5% அடுக்கில் இருப்பவருக்கோ தள்ளுபடியால் ஏற்கெனவே வரியே இல்லை; அதனால் மிச்சமும் இல்லை. சேமிக்கவே திணறுபவருக்கு ஊக்கமே இல்லை, வசதியுள்ளவருக்குப் பெரிய ஊக்கம்.

பெரும்பாலான கழிவுகளை விட்டு, வரி வீதத்தைக் குறைத்த புதிய வரி முறை இந்தக் கணக்கையெல்லாம் புரட்டிப்போட்டுவிட்டது. 2025–26-இல் சம்பளம் 12,75,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் வரி இல்லை. அதே ஆள் பழைய முறையில் நிலைக் கழிவு 50,000, 80சி 1,50,000, என்.பி.எஸ். ஓய்வூதியத் திட்டம் 50,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000, மருத்துவக் காப்பீடு 25,000 என்று அத்தனையும் காட்டினாலும் 75,400 ரூபாய் கட்டவேண்டும். சம்பளம் 25 லட்சம் என்றால், நிலைக் கழிவு போக 8 லட்சத்துக்கு மேல் கழிவு இருந்தால்தான் பழைய முறை கட்டுப்படியாகும். பெருநகரத்தில் பெரிய வாடகையும் வீட்டுக் கடனும் சேர்ந்திருப்பவர்களுக்கு அது சாத்தியம். மற்றவர்கள் பழக்கதோஷத்தில் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் ஆண்டு முழுவதும் திட்டமிடுவது வீண்வேலையா? இல்லை, வேலை இடம் மாறியிருக்கிறது. பி.பி.எஃப்.பில் ஏப்ரல் 5-க்குள் 1,50,000 போடுபவருக்கு 7.1% வீதம் அந்த ஆண்டே 10,650 ரூபாய் வட்டி. மார்ச் கடைசியில் போடுபவருக்கு அந்தப் பணத்துக்கு அந்த ஆண்டு வட்டியே கிடையாது. நிறுவனம் என்.பி.எஸ்.சில் செலுத்தும் பங்குக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை புதிய முறையிலும் கழிவுண்டு; வேலையில் சேரும்போதே கேட்டு வாங்க வேண்டியது இது. பங்கு விற்பவர்களுக்கு நீண்டகால ஆதாயத்தில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரியில்லை. விட்டுப்போன ஆண்டின் வரம்பு அடுத்த ஆண்டுக்கு வராது.

அலுவலகம் எந்த முறை என்று கேட்டதும் இரண்டு முறைக்கும் வரியைக் கணக்கிட்டுப் பாருங்கள். அதற்குமுன் காப்பீட்டு முகவர் நீட்டும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.